ஆலந்தூரின் ஐயாயிரம் ரூபாய்

அரசுத் திட்டம் ஒன்றின் மதிப்பீட்டுத் தாளில் பணம் கோடிகளில் எழுதப்படும். அந்தக் கோடிகள் எந்த வீட்டிலிருந்து கிளம்பின, யார் யார் கையைக் கடந்தன, கடைசியில் எந்தத் தெருவில் போய்ச் சேர்ந்தன என்பதைத் தாள் சொல்லாது. தமிழ்நாட்டில் அப்படிக் கூடவே நடந்து பார்க்கக்கூடிய ஒரு தொகை உண்டு. 1990-களின் பிற்பாதியில், பாதாளச் சாக்கடைக்காக ஆலந்தூர் நகராட்சி தன் ஊர் வீடுகளிடம் கேட்டு வாங்கிய ஐயாயிரம் ரூபாய் அது. வீட்டிலிருந்து வங்கிக்கும், வங்கியிலிருந்து ஒப்பந்தத்துக்கும், ஒப்பந்தத்திலிருந்து தெருவுக்கு அடியில் கிடக்கும் குழாய்க்கும் அது போன வழியைப் பார்த்தால், வளரும் ஊர் ஒன்று தனக்கு வேண்டியதை எப்படித் திட்டமிடுகிறது, அதற்கான பணம் எப்படிச் சேர்கிறது என்பது விளங்கும்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

பரங்கிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஆலந்தூர். இன்று அங்கே நிற்பவருக்கு அதுவும் கிண்டியும் ஒரே ஊர்தான். அன்று அப்படி இல்லை. கிண்டி சென்னை மாநகராட்சிக்குள் இருந்தது. ஆலந்தூர் தனி நகராட்சி. ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல் என்று வீட்டுமனைகள் பரவிக்கொண்டே போயின. சென்னையில் வேலை பார்ப்பவர்கள் கடன் வாங்கி இங்கே வீடு கட்டினார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஊரில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் இருந்தார்கள்.

இத்தனை பேர் வாழ்ந்த ஊரில் பாதாளச் சாக்கடை இல்லை. மாநகரின் கழிவுநீர்க் குழாய் மாநகராட்சியின் எல்லையோடு நின்றுவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அது நிரம்பினால் லாரியை அழைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பணம் கொடுக்க வேண்டும். சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வந்த நீர் தெருவோரத் திறந்த கால்வாயில் ஓடியது, அல்லது ஓடாமல் தேங்கியது. கொசு பெருகியது. சின்ன மனையில் ஒரு மூலையில் செப்டிக் டேங்கும் மறு மூலையில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால், ஒன்றின் நீர் மற்றொன்றுக்குள் இறங்குவதைத் தடுக்க ஒரு குடும்பத்தால் முடியாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாக்கடை இல்லாத ஊர் சாக்கடைக்காகச் செலவழிக்காத ஊர் அல்ல. தொட்டி கட்டவும், லாரிக்கும், மருத்துவருக்கும், வாங்கிக் குடிக்கும் தண்ணீருக்கும் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் செலவழித்துக்கொண்டுதான் இருந்தது. அந்தச் செலவெல்லாம் சிதறிக் கிடந்ததால் அதிலிருந்து ஊருக்கென்று எதுவும் எழவில்லை. பொதுத் திட்டம் என்பது இப்படிச் சிதறிப்போகும் பணத்தை ஓரிடத்தில் சேர்த்து, எல்லோருக்கும் பயன்படும் ஒன்றாக மாற்றும் வேலை. ஐயாயிரம் ரூபாயின் கதை தொடங்குவது இந்தத் தேவையில்தான்.

கேட்பதற்கு ஒரு மன்றம்

1986-க்குப் பிறகு பத்தாண்டுகள் தமிழ்நாட்டின் நகராட்சிகளுக்குத் தேர்தல் நடக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் 74-வது அரசமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்து, நகர உள்ளாட்சிக்கு அரசமைப்பிலேயே ஓர் இடம் கிடைத்தது. 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. ஆலந்தூரின் நகர்மன்றத் தலைவராக ஆர்.எஸ்.பாரதி வந்தார். பாதாளச் சாக்கடை அவரது மன்றத்தின் முதன்மைத் திட்டமாயிற்று.

திட்டத்தின் மதிப்பீடு சுமார் 34 கோடி ரூபாய். சொத்து வரியையும் சில கட்டணங்களையும் நம்பி நடக்கும் ஒரு நகராட்சிக்குத் தன் சொந்த வருமானத்தில் எட்டாத தொகை. வழக்கமான பாதை ஒன்று இருந்தது: அரசுக்கு எழுதுவது, மானியம் வரும்வரை காத்திருப்பது. பல ஊர்கள் அப்படிப் பல ஆண்டுகள் காத்திருந்திருக்கின்றன.

அதே 1996-ல் வேறொரு கதவும் திறந்தது. உலக வங்கிக் கடனுதவியோடு 1988-ல் தொடங்கப்பட்ட நகராட்சி வளர்ச்சி நிதி ஒன்று மாநிலத்தில் இருந்தது. அது தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமாக மாற்றி அமைக்கப்பட்டது. மாநில அரசோடு ஐசிஐசிஐ, எச்டிஎஃப்சி, ஐஎல்&எஃப்எஸ் ஆகிய நிதி நிறுவனங்களும் அதில் பங்கு போட்டன. இந்த நிதியம் நகராட்சிகளுக்குக் கடன் தரும். ஆனால் கடன் கொடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் தரும். திட்டம் முடிந்த பிறகு அதிலிருந்து வருமானம் வருமா? அதை ஓட்டவும் பராமரிக்கவும் யார் பணம் கொடுப்பார்கள்? தவணையை எந்தக் கணக்கிலிருந்து கட்டுவீர்கள்?

மானியம் கேட்கும்போது இந்தக் கேள்விகள் பெரும்பாலும் எழுவதில்லை. அதனாலேயே மானியத்தில் கட்டிய பல கட்டுமானங்கள் திறப்பு விழாவோடு நின்றுபோகின்றன. ஆலந்தூருக்கு இந்தக் கேள்விகள் முன்கூட்டியே வந்தது நல்லதாயிற்று. பதில் சொல்ல வேண்டுமானால் நகராட்சி தன் மக்களிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

போனார்கள். தொகையை அறிவிப்பதற்கு முன் வீடுகளில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. பாதாளச் சாக்கடை வேண்டுமா, வேண்டுமென்றால் இணைப்புக்கு எவ்வளவு கொடுக்க முடியும், மாதந்தோறும் எவ்வளவு கட்ட முடியும் என்பவை கேள்விகள். மிகப் பெரும்பாலானவர்கள் வேண்டும் என்றார்கள். கொடுக்கவும் தயார் என்றார்கள். கொடுப்பார்களா மாட்டார்களா என்று அலுவலகத்தில் உட்கார்ந்து ஊகிப்பதற்கும், வாசலில் நின்று கேட்பதற்கும் உள்ள தூரம் பெரிது. ஏழைகளும் நடுத்தரக் குடும்பங்களும் நல்ல சேவைக்குப் பணம் கட்டமாட்டார்கள் என்ற எண்ணம் அரசு அலுவலகங்களில் வேரூன்றியிருந்த காலம் அது. ஆலந்தூர் அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தது.

வீட்டிலிருந்து புறப்பட்டது

வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், கடை, தொழிற்கூடம் போன்றவற்றுக்கு 10,000 ரூபாய் என்று முன்பணம் முடிவாயிற்று. அன்றைய தங்கத்தின் விலைக்கு ஐயாயிரம் ரூபாய் என்றால் சுமார் ஒன்றரைப் பவுன். பெண்ணுக்கென்று சேர்க்கும் தங்கத்தில் ஒன்றரைப் பவுனை எடுத்து, இன்னும் ஒரு குழி தோண்டாத வேலைக்காக நகராட்சியிடம் கொடுப்பது எளிய முடிவல்ல. தவணையாகக் கட்டவும் வழி செய்யப்பட்டது.

மக்களின் தயக்கத்தில் நியாயம் இருந்தது. கையில் கிடைப்பது ஒரு ரசீது. தெருவில் எதுவும் தெரியாது. ஆட்சி மாறலாம், அதிகாரி மாறலாம், தலைவர் மாறலாம். கட்டிய பணம் நகராட்சியின் பொதுக் கணக்கில் கலந்து, சம்பளத்துக்கோ தெருவிளக்குக்கோ போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

இந்தத் தயக்கத்தை நகராட்சி இரண்டு வழிகளில் எதிர்கொண்டது. முதலாவது, பேச்சு. குடியிருப்போர் நலச் சங்கங்களைக் கூட்டிப் பேசினார்கள். துண்டறிக்கை கொடுத்தார்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகச் சொன்னார்கள். மன்ற உறுப்பினர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர்களே திரும்ப வந்து பணம் கேட்டார்கள். திட்டம் நடக்காவிட்டால் அடுத்த முறை அதே வாசலில் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. நியமிக்கப்பட்ட அதிகாரி ஒருவரால் இந்தப் பிணையைத் தந்திருக்க முடியாது.

இரண்டாவது, கணக்கு. திட்டத்துக்கு வந்த பணம் நகராட்சியின் அன்றாடச் செலவுகளோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்கப்பட்டது. இது ஏதோ அலுவலக ஏற்பாடு என்று தோன்றலாம். ஆனால் ஐயாயிரம் ரூபாய் தன் பாதையிலிருந்து விலகாமல் போய்ச் சேர்ந்ததற்கு இதுவே முதல் காரணம். இன்ன பெயரில், இன்ன வேலைக்கு மட்டும் என்று எழுதி வைத்த பணத்தை நெருக்கடி வந்தாலும் வேறிடத்துக்குத் திருப்புவது கடினம்.

துணைக்கு வந்த பணம்

மதிப்பீடு 34 கோடி என்றேன். மக்களின் முன்பணமாக எதிர்பார்க்கப்பட்டது 8 கோடி. அதாவது நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் மீதி?

சொந்த வீடு கட்டிய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கையில் கொஞ்சம் பணம் இருந்தால்தான் வங்கி மீதிக்குக் கடன் தரும். கைப்பணம் வீட்டின் முழு விலையை அடைக்காது. ஆனால் அது இல்லாமல் கடன் விண்ணப்பம் நகராது. ஊருக்கும் அப்படித்தான். எட்டுக் கோடி ஊரின் கைப்பணம்.

அதைக் காட்டியபோது மற்றவை வந்தன. டுஃபிட்கோ என்று அழைக்கப்படும் தமிழ்நாடு நகர்ப்புற நிதி மற்றும் உட்கட்டமைப்பு வளர்ச்சிக் கழகம், பெருநகரங்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தின் கீழ், 5 சதவீத வட்டியில் 16 கோடி கடன் தந்தது. நகர்ப்புற வளர்ச்சி நிதியம் அதைவிட மிகக் கூடுதலான சந்தை வட்டியில் 4 கோடி தந்தது. மானியமாகச் சில கோடிகள் வந்தன. மிச்சமிருந்த சிறு பகுதியை நிரப்பியது, தனிக் கணக்கில் காத்திருந்த முன்பணம் ஈட்டிய வட்டி. குழாய் வாங்குவதற்கு முன்பே மக்களின் பணம் மக்களுக்காக வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

இப்படிப் பல ஊற்றுகளிலிருந்து வரும் பணத்தை அடுக்குவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முழுவதும் சந்தை வட்டிக் கடனாக இருந்தால் மாதக் கட்டணம் தாங்க முடியாத அளவுக்கு ஏறும். முழுவதும் மானியமாக இருந்தால் காத்திருப்பு முடியாது. செலவைக் கண்காணிக்கும் அக்கறையும் குறையும். குறைந்த வட்டிக் கடன் சுமையைக் குறைத்தது. சந்தைக் கடன் ஒழுங்கைக் கொண்டுவந்தது. மானியம் விளிம்பில் நின்ற கணக்கை மீட்டது. இவை மூன்றையும் ஒரே மேசைக்கு அழைத்து வந்தது வீடுகளின் ஐயாயிரம்.

குழாயாக மாறியது

பணம் சேர்ந்த பிறகு அதைப் பொருளாக மாற்றும் வேலை. இங்கே இன்னொரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. தெருவுக்கு அடியில் குழாய் போட ஒருவர், சுத்திகரிப்பு நிலையம் கட்ட ஒருவர், பிறகு அதை ஓட்ட ஒருவர் என்று பிரித்துக் கொடுத்தால், கோளாறு வரும்போது ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார். எனவே டெண்டர் சேர்த்தே விடப்பட்டது. ஐவிஆர்சிஎல் நிறுவனமும் வாடெக் வபாக் நிறுவனமும் சேர்ந்து அதை எடுத்தன. குழாய் வலையமைப்பு நகராட்சியின் பணத்தில் கட்டப்படும். ஒப்பந்ததாரர் ஐந்து ஆண்டுகள் அதைப் பராமரிப்பார். சுத்திகரிப்பு நிலையத்தையோ ஒப்பந்ததாரர் தன் சொந்தப் பணத்தில் கட்டி, குத்தகைக் காலம் முழுவதும் தானே ஓட்டி, முடிவில் நகராட்சியிடம் ஒப்படைப்பார். குத்தகைக் காலம் 14 ஆண்டுகள். இந்தியாவில் ஒரு நகராட்சி தன் பாதாளச் சாக்கடைத் திட்டத்தில் தனியாரை இப்படிப் பங்காளியாக்கியது அதுவே முதல்முறை என்று நகர நிதி பற்றிப் படிப்பவர்கள் இன்றும் ஆலந்தூரை எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஓட்டுபவருக்கான கூலி சுத்திகரிக்கும் நீரின் அளவைப் பொறுத்தது. கழிவுநீர் குறைவாக வந்தாலும் ஒரு குறைந்தபட்சத் தொகையை நகராட்சி தர வேண்டும். இதில் நகராட்சிக்கு ஆபத்து இருந்தது. வீடுகள் இணைப்பு எடுக்காமல் போனால், வராத நீருக்கும் பணம் கட்ட நேரும். முன்பணம் இந்த ஆபத்தையும் குறைத்தது. ஐயாயிரம் கட்டிவிட்ட வீடு இணைப்பு எடுக்காமல் இருக்காது.

2000-ல் தெருக்கள் தோண்டப்பட்டன. கழிவுநீர்க் குழாய் குடிநீர்க் குழாயைப் போன்றதல்ல. குடிநீரை அழுத்தம் கொடுத்து மேலேற்றலாம்; கழிவுநீர் தன் எடையில் தானே சரிந்து ஓட வேண்டும். குழாய் ஒவ்வொரு மீட்டருக்கும் சிறிது கீழிறங்கிக்கொண்டே போக வேண்டும். சரிவு குறைந்தால் கசடு தங்கி அடைக்கும். தெருக்கோடியில் முழங்கால் ஆழத்தில் தொடங்கும் குழாய், பிரதான சாலையை அடையும்போது ஆளுயரத்தைத் தாண்டிப் போய்விடும். அதற்கு மேலும் தோண்ட முடியாத இடத்தில் நீரைச் சேர்த்து, உந்து நிலையம் வைத்து மேலேற்ற வேண்டும். குறுகிய தெருவில் இரு பக்கமும் வீட்டு அடித்தளங்கள், நடுவே குடிநீர்க் குழாய், தொலைபேசிக் கம்பி. இவற்றுக்கு நடுவில்தான் அந்தச் சரிவு தப்பாமல் வேலை நடக்க வேண்டும்.

சுமார் 120 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய்கள் போடப்பட்டன. வளைவுகளிலும் சந்திப்புகளிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேன்ஹோல்கள் அமைந்தன. அன்றைய ஒன்றரை லட்சம் பேருக்கு மட்டும் கணக்குப் போடவில்லை. பிற்காலத்தில் மூன்று லட்சம் பேர் வாழக்கூடும் என்று எடுத்துக்கொண்டு குழாயின் அளவு முடிவு செய்யப்பட்டது. மண்ணுக்கு அடியில் போடுவதை அடிக்கடி மாற்ற முடியாது. இன்னும் பிறக்காதவர்களுக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டிய வேலை அது. அந்தப் பெரிய அளவுக்கான செலவை இன்றைய தலைமுறை மட்டும் சுமப்பது நியாயமில்லை என்பதால்தான் நீண்ட காலக் கடன் இங்கே பொருத்தமாகிறது. பயன்படுத்தப்போகிறவர்களும் தவணையில் பங்கேற்கிறார்கள்.

தெரு பெயர்ந்து கிடந்த மாதங்களில் சேறும் புழுதியும் இருந்தன. போக்குவரத்து திண்டாடியது. அந்தக் காலத்தை ஊர் பொறுத்துக்கொண்டதற்கு, இது தங்கள் பணத்தில் நடக்கும் வேலை என்ற உணர்வு பெரிய காரணம். முன்பணம் கட்டியவர் பள்ளத்தின் அருகே வந்து நின்று கேள்வி கேட்பார். எப்போது மூடுவீர்கள், எங்கள் தெரு எப்போது என்று கேட்பார். அப்படிக் கேட்கும் உரிமையும் அந்த ரசீதில் அடங்கியிருந்தது.

சேகரித்த கழிவுநீர் பெருங்குடிக்குப் போயிற்று. சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஆலந்தூருக்குள் அத்தனை இடம் இல்லை. தன் எல்லைக்கு வெளியே இடம் தேட வேண்டியிருந்தது. அங்கே முதல் கட்டமாக ஒரு நாளைக்கு 1 கோடியே 20 லட்சம் லிட்டரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டப்பட்டது. பின்னால் அதை இரு மடங்காக்கவும் திட்டத்திலேயே இடம் விட்டிருந்தார்கள். 2003-ல் அது இயங்கத் தொடங்கியது. அந்தப் பக்கத்தில்தான் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கிறது. 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்த நிலத்துக்கு அருகே சுத்திகரிக்காத நீர் போய்ச் சேர்வதற்கும் சுத்திகரித்த நீர் போய்ச் சேர்வதற்கும் உள்ள வேறுபாடு ஆலந்தூரோடு முடிவதில்லை. ஓர் ஊரின் சாக்கடை இன்னோர் ஊரின் நீர்நிலையைப் பற்றிய முடிவும்கூட.

மாதம் நூற்றைம்பது

ஐயாயிரம் ரூபாய் ஒருமுறை கட்டுவது. அதற்குப் பிறகுதான் நீண்ட கணக்கு வருகிறது. உந்து நிலையத்துக்கு மின்சாரம், அடைப்பு எடுக்க இயந்திரம், ஒப்பந்ததாரருக்குக் கூலி, கடனுக்குத் தவணை. இதற்காக மாதக் கட்டணம் வைக்கப்பட்டது: வீட்டுக்கு 150 ரூபாய், கடைக்கு 450, தொழிற்கூடத்துக்கு 750. அதிகம் சம்பாதிக்கும் இடம் அதிகம் கொடுத்து, வீடுகளின் சுமையைக் குறைத்தது.

கட்டுவதற்குப் பணம் திரட்டும் நகரங்கள் ஓட்டுவதற்குப் பணம் ஒதுக்க மறந்துவிடுகின்றன. நம் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் கழிப்பறை, விளக்கு எரியாத பூங்கா, நின்றுபோன நீரேற்றி எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த மறதி இருக்கிறது. கல்வெட்டில் பெயர் பொறிக்கும் வாய்ப்பு கட்டுமானத்தில்தான் உண்டு, பராமரிப்பில் இல்லை. ஆலந்தூரின் திட்டத்தில் மாதக் கட்டணம், முதல் குழி தோண்டும் முன்பே மக்களிடம் சொல்லப்பட்ட ஒன்று. முன்பணம் கட்டியவர் அதை அறிந்தே கட்டினார்.

பராமரிப்புக்கான பணம் உயிரோடு தொடர்புள்ளது. இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்காத ஊரில் அடைப்பெடுக்க மனிதரை இறக்குகிறார்கள். மலக்குழி மரணங்கள் அதிகம் பதிவான மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் மட்டும் ஒருவரையும் காப்பாற்றாது. அடைப்பெடுக்கும் இயந்திரமும் அதை இயக்கப் பயிற்சி பெற்றவரும் ஒவ்வொரு ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெற வேண்டும். பாதாளச் சாக்கடைத் திட்டத்தின் மதிப்பீட்டைப் பார்க்கும் எவரும் முதலில் தேட வேண்டிய வரி அது என்று நான் நினைக்கிறேன். அந்த வரி இல்லாவிட்டால் அந்தத் திட்டம் முழுமையான திட்டம் அல்ல.

இன்னொரு கேள்வியையும் தவிர்க்கக் கூடாது. ஐயாயிரம் ரூபாயைத் திரட்ட முடியாத வீடு என்ன செய்யும்? ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர், குடிசைப் பகுதியில் பட்டா இல்லாமல் வாழ்பவர், நாள்கூலிக்குப் போகும் குடும்பம். எல்லோரிடமும் ஒரே தொகையைக் கேட்பது சமம் போலத் தெரியும், நியாயமாக இருக்காது. மக்கள் பங்களிப்பு என்ற கொள்கை வசதி உள்ளவர்களின் தெருவுக்கு மட்டும் குழாய் கொண்டுபோகும் வழியாக மாறிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. பணம் கட்ட முடியாத வீட்டுக்கான பங்கைப் பொது நிதி ஏற்க வேண்டும். மானியத்துக்கு உண்மையான இடம் அதுதான். கழிவுநீர் தெருவில் ஓடினால் நோய் ரசீது பார்த்து வீட்டுக்குள் நுழைவதில்லை.

ஊர் மாநகரான பிறகு

2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஆலந்தூர் அதன் 12-வது மண்டலமாயிற்று. தனி நகராட்சி மறைந்தது. குழாய்கள் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்புக்குப் போயின. ஒரு காலத்தில் எல்லையோடு நின்றுபோன மாநகரச் சாக்கடை, தனக்காகக் காத்திராமல் தானே கட்டிக்கொண்ட ஊரைப் பின்னாளில் வந்து சேர்த்துக்கொண்டது.

2015 ஜூன் 29 அன்று சென்னை மெட்ரோ ரயிலின் முதல் பகுதி, கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை ஓடத் தொடங்கியது. அதன் நிதி வேறு வகை: மத்திய, மாநில அரசுகளின் பங்கு, ஜப்பானின் ஜைகா நிறுவனத்தின் பெரும் கடன். 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டத்தின் மதிப்பீடு 63,246 கோடி. இந்த அளவில் வீடு வீடாகப் போய் முன்பணம் கேட்க முடியாது. ஆனாலும் அந்தக் கடனும் மக்களின் வரியிலிருந்தும் பயணச்சீட்டிலிருந்தும்தான் அடைபடும். அங்கே ரசீது கிடையாது என்பதால் கேள்வி கேட்கும் உரிமை இல்லாமல் போய்விடாது.

ஆலந்தூரின் வழி பிற ஊர்களுக்கும் போயிற்று. பாதாளச் சாக்கடைக்கு வீடுகளிடம் முன்பணம் வாங்குவது தமிழ்நாட்டில் பல நகராட்சிகளின் நடைமுறையாயிற்று. தனியாகச் சந்தைக்குப் போய்க் கடன் திரட்டும் வலு சிறு நகராட்சிகளுக்கு இல்லை என்பதால், பலவற்றை ஒன்றுசேர்த்துக் கடன்பத்திரம் வெளியிடும் முறையும் வந்தது. 2002-ல் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்காக அப்படி 30.41 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. 15 ஆண்டுக் கடன், 9.20 சதவீத வட்டி. அசலில் ஒரு பகுதிக்கு அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் உத்தரவாதம் தந்தது. 2025-ல் சென்னை மாநகராட்சியே கொடுங்கையூர்க் குப்பைமேட்டைச் சீரமைக்க 200 கோடிக்குக் கடன்பத்திரம் வெளியிட்டது. கருவிகள் பெருகியிருக்கின்றன.

கருவி பெருகினாலும் ஆலந்தூரில் நடந்தது தானாகத் திரும்ப நடக்காது. தொகையைக் கேட்பது எல்லோராலும் முடிகிற காரியம். தொகைக்கு முன்பு நடந்தவையும் பின்பு நடந்தவையும்தான் கடினம். முன்பணம் வாங்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் குழி தோண்டாமல் இருக்கும் ஊரில், அடுத்த முறை யார் கேட்டாலும் மக்கள் கொடுக்கமாட்டார்கள். அங்கே வீணாவது ஐயாயிரத்தைவிடப் பெரியது. பொறுப்பேற்றுக் கேட்கும் மன்றமும் எப்போதும் இருப்பதில்லை: 2016 முதல் 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டின் நகரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமல் நடந்தன. அந்த ஆண்டுகளிலும் சாலை போடப்பட்டது, குழாய் போடப்பட்டது. ஆனால் வாசலில் நின்று பணம் கேட்டு, அதே வாசலில் கணக்கும் சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை.

எனவே என் ஊர் நாளை ஒரு திட்டத்தோடு என் வாசலுக்கு வந்தால் நான் நான்கு விஷயங்களைக் கேட்பேன். இதை எங்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்தீர்களா? பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா, அதை நான் பார்க்க முடியுமா? கட்டி முடித்த பிறகு அடுத்த இருபது ஆண்டுகள் இதை யார் பணத்தில் ஓட்டுவீர்கள், இயந்திரத்துக்கு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? என் அளவுக்குக் கொடுக்க முடியாத பக்கத்துத் தெருவுக்கு என்ன வழி செய்திருக்கிறீர்கள்? இந்த நான்குக்கும் நேரான பதில் வந்தால் என் பங்கை மனமார எடுத்துக் கொடுப்பேன். வளரும் எந்த ஊரும் தன் மக்களிடம் இதைவிட எளிய பேரத்தை எதிர்பார்க்க முடியாது.